தைக்காட்டு இசைக் கல்லூரியும் நம் சங்கத்து இசை வகுப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா என்றால் அரை மணி நேரம் யாரேனும் ஒருவர் சங்க இலக்கியத்தைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ பேசுவதும், பிள்ளைகள் தம் ஆட்டம் எப்போது வருமென்று திரைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதும் வழக்கம். இம்முறை நாம் அவ்வளவு தொலைவு போகவில்லை. நம் வாசற்படியிலிருந்து பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சென்று சேரக்கூடிய ஓர் இசைக் கல்லூரியைப் பற்றியும், அங்கே தலைமுறை தலைமுறையாக வளர்ந்த இசைச் சுற்றத்தைப் பற்றியும் பேசப் போகிறோம். அதற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்து இசை வகுப்பைப் பற்றிச் செயற்குழுவில் எழுந்துள்ள வழக்கு உங்களில் பலருக்கும் தெரியும். அதற்கு இறுதியில் வருவோம்.

முதலில் நாம் வாழும் இடத்தைச் சற்றே நோக்குவோம். அமரவிளை என்னும் பெயரில் உள்ள 'விளை' என்ற சொல்லை நாஞ்சில் நாட்டார்க்கு விளக்க வேண்டுவதில்லை. தோட்டப் பயிர் விளையும் மேட்டு நிலத்தை விளை என்பது தென்கோடித் தமிழ் வழக்கு. களியக்காவிளையில் கேட்கும் அதே சொல்தான் எல்லை கடந்து நம் ஊர்ப் பெயரிலும் ஒலிக்கிறது. 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் வட்டங்கள் நான்கும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு விழுந்தது, சொல் விழுந்துவிடவில்லை. நமக்குத் தெற்கே பாறசாலை. நெய்யாற்றுப் பாலத்தைக் கடந்தால் வடக்கே நெய்யாற்றின்கரை. இவ்விரண்டு ஊர்ப் பெயர்களையும் தென்னாட்டு இசையரங்குகள் அனைத்தும் அறியும்படி செய்தவர் இருவர். இருவரும் அந்த ஒரே கல்லூரியின் பிள்ளைகள். இவ்விரண்டு பெயர்களுக்கும் நடுவே நாம் குடியிருக்கிறோம் என்பது சிறிய செய்தி அன்று.

இனிக் கல்லூரிக்கு வருவோம்.

இசையைக் கல்லூரியில் வைத்துக் கற்பிக்க முடியுமா என்ற ஐயம் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பலமாக இருந்தது. குருவின் வீட்டில் தங்கித் தண்ணீர் எடுத்து, வேட்டி துவைத்து, அவர் மனம் கனியும் நேரம் பார்த்து ஒரு பாட்டைப் பெறுவதே கல்வி என்று எண்ணியவர்கள், மணி அடித்தால் தொடங்கி மணி அடித்தால் முடியும் வகுப்பைக் கண்டு நகைத்தார்கள். ஆயினும் காலம் அவ்வழியே சென்றது. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலை அரசர் இசைக் கல்லூரியைத் தோற்றுவித்தார். 1949இல் சென்னையில் அரசினர் கருநாடக இசைக் கல்லூரி தோன்ற, முசிரி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல் தலைவரானார். இவ்விரண்டுக்கும் நடுவே, 1939இல், திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் காலத்தில், திருவனந்தபுரத்தில் பிறந்தது நாம் பேச எடுத்துக்கொண்ட கல்லூரி. பிறந்தபோது அதன் பெயர் 'மியூசிக் அகாடமி'. 1962இல்தான் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி என்று பெயர் மாறிற்று. தைக்காட்டில் இருப்பதால் தைக்காட்டுக் கல்லூரி என்று சொன்னாலும் நம்மவர்க்கு விளங்கும்.

அதன் முதல் தலைவர் யார்? திருநெல்வேலிச் சீமையின் அரிகேசநல்லூரில் 1877இல் பிறந்த முத்தையா பாகவதர். கதாகாலட்சேபம் செய்வதில் இணையற்றவர், பாட்டியற்றுவதில் வல்லவர், மைசூர் அரசவையில் சிறந்து விளங்கியவர். மன்னரின் அன்னையார் சேது பார்வதி பாய் அவர்கள் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்தார்கள். அவர்க்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் தஞ்சை மாவட்டத்துச் செம்மங்குடியைத் தம் பெயரோடு சுமந்த சீனிவாச ஐயர். அவர் 1963 வரை, இருபது ஆண்டுகளுக்கு மேல், அக்கல்லூரியை நடத்தினார். அவரையடுத்து வந்தவர் ஜி. என். பாலசுப்பிரமணியம். ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றவர். திரைப்படத்தில் துஷ்யந்தனாக நடித்தவர். கச்சேரி மேடையை ஒரு கலக்குக் கலக்கியவர். 1965 மே முதல் நாள் அவர் மறைந்ததால் அந்த நற்பேறு நீளவில்லை. பின்னர்ப் பாலக்காட்டுச் சீமையைச் சேர்ந்தவரும் சிதம்பரத்தில் பயின்றவருமாகிய வீணை கே. எஸ். நாராயணசுவாமி தலைவரானார். நெல்லை, தஞ்சை, பாலக்காடு என்று நம் மக்கள் வாழும் மண்ணெல்லாம் ஒரு கூரையின் கீழ்க் கூடியது போல் இல்லையா?

கூடியவர்கள் செய்த வேலை என்ன? இங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும்.

சுவாதித் திருநாள் மன்னர் 1813இல் பிறந்து 1846இல், முப்பத்துமூன்று வயதில், மறைந்தவர். அவருடைய அவையில் தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு இருந்தார். மன்னர் அவருக்குத் தந்தத்தால் ஆன பிடில் பரிசளித்தார். தஞ்சையிலிருந்து வந்த மேருசுவாமியும் இருந்தார். மன்னர் மறைந்தபின் அந்த அவை கலைந்தது. அடுத்து வந்த நூறு ஆண்டுகளில் பாடல்களின் சொற்கள் ஏட்டிலும் அச்சிலும் தங்கின. மெட்டுகளோ பலவும் காற்றில் கரைந்தன. முல்லமூட்டுப் பாகவதர்கள் என்ற கோயில் பாடகர் குடும்பங்கள் வாய்வழியாகக் காத்துவந்த சில மட்டும் எஞ்சியிருந்தன. முத்தையா பாகவதரும் செம்மங்குடியாரும் செய்தது இதுவே: எஞ்சியதைத் தேடிக் கேட்டார்கள், எஞ்சாததற்குத் தாமே மெட்டமைத்தார்கள், சுரப்படுத்தி அச்சிட்டார்கள், பின்னர் அவற்றை மாணவர்க்குப் பாடமாக வைத்தார்கள்.

ஆகவே இன்று நாம் மன்னரின் பாட்டு என்று கேட்டு மகிழ்வனவற்றுள் பலவற்றின் உடல் மன்னருடையது. உயிர்ப்பு அரிகேசநல்லூராருடையதும் செம்மங்குடியாருடையதும். இதைக் குறையாகச் சொல்பவர் உண்டு. வீணை எஸ். பாலச்சந்தர் 1980களில் இம்மன்னரைப் பற்றிய வரலாற்றையே ஐயுற்றுப் பெரும் வாதம் நடத்தினார். அந்த வாதத்துக்குள் புக நமக்குத் தகுதியும் இல்லை, நேரமும் இல்லை. நம் கருத்து ஒன்றே. பழையது என்று நாம் போற்றும் மரபின் ஒரு பகுதி, நம் பாட்டனார் காலத்தில், கரும்பலகைக்கு எதிரே, மாணவர்கள் திருப்பிப் பாடப் பாட உருப்பெற்றது. இது அம்மரபுக்கு இழுக்கு என்று நாம் கருதவில்லை.

அக்கல்லூரியில் கானபூஷணம், கானப்பிரவீணா என்று இரண்டு நிலைப் பட்டங்களை ஏற்படுத்தினார்கள். பட்டப் பெயரைக் கேட்டு முன்னாள் வித்துவான்கள் முகஞ்சுளித்திருக்கலாம். ஆனால் கல்லூரி வகுப்பிலே ஒரு நன்மை உண்டு. குருகுலத்தில் அது அரிது. குருவின் திண்ணையில் இடம் பெற, குலமோ உறவோ பரிந்துரையோ வேண்டும். கல்லூரியிலோ விண்ணப்பம் எழுதிக் குரலைக் காட்டினால் போதும். பிறகு ஒரே பாயில் நாலைந்து பேர். ஒருவன் பிடி வழுவினால் அடுத்தவன் பிடித்துக் கொடுப்பான். மூத்த மாணவன் இளையவனுக்குச் சுருதி சேர்த்துத் தருவான். ஆசிரியர் சொன்னதில் பாதியை மாணவன் கூடப்படித்தவனிடமிருந்தே கற்கிறான் என்பது பாட்டுப் படித்த எவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. மாவேலிக்கரைப் பிரபாகர வர்மா போன்ற மலையாளக் கலைஞர்கள் செம்மங்குடியாரிடம் தமிழ் உச்சரிப்போடு பாட்டுக் கற்றதும், தமிழ்ப் பிள்ளைகள் மலையாளப் பதங்களைத் திருத்தமாகப் பாடக் கற்றதும் இவ்வாறுதான். பிற்காலத்தில் உலகம் அறிந்த கே. ஜே. யேசுதாசும் அவ்வாசலில் ஏறியவரே. பொருள் முட்டுப்பாட்டால் அவர் படிப்பு முற்றுப் பெறவில்லை என்பது வேறு செய்தி.

இனி நம் பக்கத்து ஊர்க் கதை.

1924ஆம் ஆண்டு நவம்பரில் பாறசாலையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பொன்னம்மாள் பிறந்தார். ஏழு வயதிலேயே பாட்டுப் பயிற்சி தொடங்கியது. பதினைந்து வயதில் திருவனந்தபுரம் காட்டன்ஹில் பெண்கள் பள்ளியில் இசை ஆசிரியை வேலை. அந்நாளில் ஒரு குடும்பத்துப் பெண் மேடையேறிப் பாடுவதை ஊர் எப்படி நோக்கியது என்பதை நம் பாட்டிமார்களைக் கேட்டால் தெரியும். அந்நிலையில், புதிதாகத் தோன்றிய அந்த இசைக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண் பொன்னம்மாள். ஆடவர் நிறைந்த வகுப்பில் ஒரே பெண்ணாக அமர்ந்து, முத்தையா பாகவதரிடமும் செம்மங்குடியாரிடமும் பயின்று, கானபூஷணத்தில் முதலிடம் பெற்றார். கற்ற கல்லூரியிலேயே ஆசிரியர் பொறுப்பேற்ற முதல் பெண்ணும் அவரே. 1970இல் திருப்பூணித்துறை ஆர். எல். வி. இசைக் கல்லூரியின் தலைவரானார். பத்தாண்டுகள் அப்பதவி வகித்தார். அங்கும் பெண்களில் அவரே முதல்வர். 'முதல் பெண்', 'முதல் பெண்' என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று நீங்கள் எண்ணக்கூடும். கதவு எத்தனை இருந்தனவோ அத்தனை முறை சொல்லத்தானே வேண்டும்!

நெய்யாற்றின்கரைக்கு அருகில் அத்தாழமங்கலத்தில் 1939இல், அதாவது கல்லூரி பிறந்த அதே ஆண்டில், வாசுதேவன் பிறந்தார். நெய்யாற்றின்கரை வாசுதேவன் என்றால் கேரளத்தில் அறியாதார் இல்லை. அவரும் தைக்காட்டில் பயின்றார், செம்மங்குடியாரின் வழி வந்தார், ஆர். எல். வி. கல்லூரியில் கற்பித்தார், திருவனந்தபுரம் வானொலியில் பணியாற்றினார், 1987இல் வந்த 'சுவாதித் திருநாள்' திரைப்படத்தில் பாடினார், 2008இல் மறைந்தார். அவர் பாடம் கேட்ட ஆசிரியர்களுள் பொன்னம்மாளும் ஒருவர். பாறசாலைத் தமிழ்ப் பெண் கற்பிக்க, நெய்யாற்றின்கரை மலையாளப் பிள்ளை கற்றார். இடையிலே நம் அமரவிளைச் சாலை மட்டுமே கிடக்கிறது.

இந்தச் சாலைக்கும் ஒரு சிறப்பு உண்டு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னே இதன் வழியாக ஒரு விருந்து போகிறது. பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னூற்று நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் ஊர்வலத்தையே சொல்கிறோம். பத்மநாபபுரம் அரண்மனையில் உடைவாள் கைமாறும் சடங்கு முடிந்து புறப்பட்டால், முதல் இரவு குழித்துறை. மறுநாள் களியக்காவிளை எல்லை கடந்து, பாறசாலை, உதியன்குளங்கரை, நம் அமரவிளை வழியாக வந்து, இரவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலில் தங்கல். மூன்றாம் நாள் திருவனந்தபுரம். அந்தச் சரசுவதி திருமேனி கம்பர் வழிபட்டது என்பதும், நவராத்திரிப் பூசை தவறக்கூடாது என்று கேட்டுக்கொண்டு அவர் அதைச் சேர மன்னரிடம் ஒப்புவித்தார் என்பதும் வழிவழியாக வரும் செய்தி. தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து மாறிய பின்னும் அந்த வாக்கைக் காப்பதற்காகத்தான் இப்பயணம் என்கிறார்கள். மாநில எல்லை மாறிய 1956க்குப் பின்னும் ஊர்வலம் நிற்கவில்லை. அரண்மனை நிற்கும் மண் தமிழகத்தது. அதைப் பேணுவது கேரளத் தொல்பொருள் துறை. சடங்குக்கு இரு மாநிலத்தாரும் வந்து நிற்கிறார்கள்.

திருவனந்தபுரத்தில் அந்தச் சரசுவதியை வைக்கும் இடம் கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபம். அங்கே ஒன்பது மாலையும் கச்சேரி. தொடக்கத்தில் முல்லமூட்டுப் பாகவதர்கள் தோடயமங்களம் பாடுவர். பின்னர் அன்றைய வித்துவான், அந்தந்த நாளுக்கென்று விதித்த சுவாதித் திருநாள் பாட்டை முதன்மையாக எடுத்துப் பாடுவார். சங்கராபரணத்தில் தொடங்கிக் கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி என்று வந்து, ஒன்பதாம் நாள் ஆரபியில் நிறைவு. கைதட்டக் கூடாது, பாட்டு கலைமகளுக்கே உரியது. குரல் ஒலித்து நிறைவதற்காகக் கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துக் கட்டியிருப்பார்கள். செம்மங்குடியார் அமர்ந்து பாடிய இடம் அது. தைக்காட்டில் கற்ற ஒவ்வொருவர்க்கும் தம் கல்விக்கு முத்திரை வைக்கும் இடமும் அதுவே.

ஆனால் அங்கே பெண் பாடியதில்லை. வழிபடப்படுபவள் பெண், பாடுபவர் மட்டும் ஆடவர்! பொன்னம்மாள் அந்த ஒன்பது பாட்டுகளையும் அறிந்தவர். பல்லாண்டுகள் அவற்றை மாணவர்க்குக் கற்பித்தவர். தம்மிடம் பாடம் கேட்ட ஆண்பிள்ளைகள் எந்த மண்டபத்தில் பாடத் தகுதியுடையவரோ, அதில் அவர் பாட முடியாது. மரபு என்றார்கள். இதைப் பற்றி அவர் சினந்து பேசித் திரிந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. பாடிக்கொண்டிருந்தார், கற்பித்துக்கொண்டிருந்தார். 2006ஆம் ஆண்டு நவராத்திரியில் அம்மரபு விலகியது. எண்பத்தோராம் வயதில், நவராத்திரி மண்டபத்தில் அமர்ந்து பாடிய முதல் பெண்ணானார் பாறசாலை பொன்னம்மாள். கல்லூரி தோன்றி அறுபத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. அவருக்குப் பின் மற்றப் பெண்களும் பாடினார்கள். 2017இல் நாட்டரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2021 ஜூன் மாதம், தொண்ணூற்றாறு வயதில் மறைந்தார். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் அவர் மேடையில் பாடினார். இளம்பெண்களுக்குக் கிடைக்காத சுருதிச் சுத்தம் அந்த முதுமையிலும் இருந்தது என்று கேட்டவர்கள் சொல்வார்கள்.

அந்த மண்டபத்தில் அன்று என்ன கெட்டுப்போயிற்று? சங்கராபரணம் கலங்கியதா? தோடி தன் வடிவம் மாறியதா? கூரையில் கட்டிய பானைகள் ஆண்குரல், பெண்குரல் என்று பார்த்தா ஒலித்தன? இந்தக் கேள்விகளை விளையாட்டாகக் கேட்கவில்லை. செயற்குழுவிலும் இதே போன்ற கேள்விதான் நம் முன் நிற்கிறது.

இப்போது அந்த வழக்குக்கு வருவோம். நம் சங்கம் சனிக்கிழமை மாலைகளில் நடத்தும் பாட்டு வகுப்பு நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் மலையாளக் குடும்பங்கள் சில தம் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டிருக்கின்றன. நம் பெரியவர்கள் சிலர் தயங்குகிறார்கள். அவர்களது தயக்கத்தை நாம் எளிதாகத் தள்ளவில்லை. வெளியே பள்ளியிலும் கடையிலும் நம் பிள்ளைகள் மலையாளமே பேசுகிறார்கள்; தமிழ் கேட்கும் இடம் வீடும் இந்தக் கூடமும்தான்; இங்கும் கலப்பு வந்தால் தமிழ் எங்கே நிற்கும் என்று அவர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி. வீட்டில் பிள்ளை தமிழில் தொடங்கிய வாக்கியத்தை மலையாளத்தில் முடிப்பதைக் கேட்டுப் பெருமூச்சு விடாத தாய் நம்மில் யார்?

ஆயினும் தைக்காட்டு வரலாறு வேறொன்று காட்டுகிறது. அரிகேசநல்லூராரும் செம்மங்குடியாரும் தமிழர்க்கு மட்டும் கற்பித்திருந்தால், அவர்கள் மீட்ட பாடல்கள் இன்று நான்கு வீடுகளில் முடங்கியிருக்கும். மாவேலிக்கரையிலும் அத்தாழமங்கலத்திலும் பாடுவார் இருந்ததால்தான், நம் பொன்னம்மாள் பாடியபோது கேட்பாரும் இருந்தனர். அவர் பாடம் சொன்ன மலையாள மாணவர் நாவில் தமிழ்ப் பாட்டும் குடியேறியது. திருவனந்தபுரத்தில் இளமையைக் கழித்த பாபநாசம் சிவன் பாடல்களைத் தமிழ்ப் பொருள் அறிந்து பாடும் மலையாளக் கலைஞர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குத் தமிழ் கற்பித்தது எந்தப் பள்ளியும் அன்று, பாட்டு வகுப்பே.

எனவே நம் எண்ணத்தைத் தெளிவாகச் சொல்கிறோம். கேட்கும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வோம். ஆனால் வகுப்பு தமிழில் நடக்கட்டும். சரளி வரிசையும் கீதமும் முடிந்து உருப்படி தொடங்கும்போது முதல் பாட்டு தமிழ்ப் பாட்டாக இருக்கட்டும். அதன் பொருளை நம் பிள்ளைகளே எழுந்து மற்றவர்க்குச் சொல்லட்டும். பிறர்க்கு விளக்க வேண்டிய நிலை வந்தால்தான் நம் பிள்ளைக்குத் தன் மொழியில் சொல் தேடும் பழக்கம் வரும். பதிலுக்கு ஒரு மலையாளப் பதத்தை அவர்களிடமிருந்து இவர்கள் கற்கட்டும். இன்னொன்று: பன்னிரண்டு வயதானதும் பெண்பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிறுத்திவிடும் வழக்கம் நம் குடும்பங்கள் சிலவற்றில் இருக்கிறது. தேர்வு வருகிறது என்கிறீர்கள். ஆண்பிள்ளைக்கும் அதே தேர்வுதானே வருகிறது? பாறசாலைக்காரர்கள் நம் பக்கத்து ஊரார். அவர்கள் முகத்தில் நாம் விழிக்க வேண்டாமா?

செயற்குழு அடுத்த மாதம் கூடுகிறது. இசைவும் மறுப்பும் எழுத்தில் தந்தால் செயலாளர் பெற்றுக்கொள்வார். முடிவு எதுவாயினும் புதிய வகுப்பு விசயதசமியன்று தொடங்கும். அதற்கு முன்னே, நவராத்திரி ஊர்வலம் நம் சாலையில் வரும் நாளன்று பிள்ளைகளைப் பாலத்தருகே அழைத்து வாருங்கள். கம்பர் பெயர் சொல்லி வரும் அத்திருமேனியை நம் பிள்ளைகள் ஒரு பாட்டோடு எதிர்கொள்ள வேண்டுமென்பது பாட்டு ஆசிரியையின் விருப்பம். முதல் நாள் பாட்டு சங்கராபரணம் அல்லவா? அந்த இராகத்திலேயே ஒரு தமிழ்ப் பாட்டைச் சொல்லிக் கொடுத்துவருகிறார். தம்பூரா தூக்கிவர இரண்டு பேர் வேண்டுமாம். இளைஞர்கள் விழா முடிந்ததும் அவரைக் காணலாம்.